அப்பா உட்காராத நாற்காலி

"இதுல எங்க அப்பா உட்கார மாட்டாரு மேடம்."

ஆலோசகர் அம்மா பொறுமையாகத் தலையாட்டினார். எதிரே இருக்கும் காலி நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு மனதில் இருப்பதைச் சொல்லுங்கள் என்று அவர் கேட்டு வெகு நேரம் ஆகிவிட்டது. சோபாக்காரர் இன்னும் நாற்காலியைத் தாண்டி அப்பாவிடம் போய்ச் சேரவில்லை.

"ஏன் உட்கார மாட்டாரு?"

"கை வெக்காத நாற்காலி அவருக்கு ஆகாது. அதோட இது ஆடுது. பின்னங்கால் ஒண்ணு விட்டுப்போச்சு. யாரோ நல்லா உதைச்சிருக்காங்க."

பெரிய ஃபர்னிச்சர் கடை ஒன்றில் சோபா பிரிவை ஆள்கிறவர் அவர். கடையிலும் தெருவிலும் அதுவே பெயராகிவிட்டது. ஒரு நாற்காலியைக் காட்டி அதில் இல்லாத மனிதரைப் பார் என்றால் அவர் கண் இருக்கிற ஆணியைத்தான் பார்க்கும். அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை.

தேநீர் கொண்டுவந்த அம்மாள், ஆலோசகர் கை கழுவ எழுந்து போனதும் குனிந்து ரகசியம் சொன்னாள். "இங்க வர்றவங்களப் பத்தி பேசக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லியிருக்காங்க சார். இது உங்களோட இருக்கட்டும். ஒருத்தர் கோவத்துல உதைச்சுட்டாரு. அப்புறம் அதையே கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதாரு. ரெண்டையும் சேத்து அந்தக் கால் தாங்கல."

நாற்காலியை உதைக்கிறவன் என்ன மனிதன் என்று சோபாக்காரர் முகம் சுளித்தார். தன் நிலைமை அவ்வளவு மோசம் இல்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்கூட வந்தது.

அவர் நிலைமை இதுதான். அப்பா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மகனுக்கும் அதே பணிமனையில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். மகன் ஃபர்னிச்சர் கடையில் சேர்ந்துவிட்டு வந்து நின்றான். "ஊரையெல்லாம் உட்கார வெக்கப் போறானாம்" என்று வீட்டுக்கு வந்திருந்தவர்கள் முன்னால் அப்பா சொல்ல, அவர்கள் சிரிக்க, அன்றோடு பேச்சு நின்றது. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை, ஆனால் நேர்ப்பேச்சு கிடையாது. இடையில் மனைவி வந்து சேர்ந்ததும் அவள் தலையில் தபால் வேலை விழுந்தது. "கேட்டைப் பூட்டலைன்னு அவன்கிட்ட சொல்லும்மா" என்பார் அப்பா. "பூட்டியாச்சுன்னு சொல்லு" என்பார் மகன். இருவரும் ஒரே சோபாவின் இரண்டு மூலையில் இருப்பார்கள். அப்பா சனிக்கிழமைதோறும் பல் வைத்தியரைப் பார்க்கப் போகிற செய்திகூட மருமகள் வழியாகத்தான் மகனுக்கு வரும்.

இதெல்லாம் பழகிப்போயிருந்தது. பழகாத ஒன்று போன மாதம் நடந்தது. அவர் எதற்கோ கத்திவிட்டுத் திரும்பினபோது, பக்கத்தில் நின்றிருந்த மகள் அவரைப் பார்க்காமல் சொன்னாள்: "அம்மா, ஸ்கூல்ல மீட்டிங் இருக்குன்னு அப்பாகிட்ட சொல்லுங்க."

சோபாக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள், அப்பா படித்து முடித்து மருமகள் வழியாக வந்து சேர்ந்த செய்தித்தாளிலிருந்து மனநல ஆலோசனை மையத்தின் விளம்பர அட்டை ஒன்று மடியில் விழுந்தது. வழக்கமாக அதையெல்லாம் கசக்கிப் போடுகிறவர், அன்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"வீட்டுல உங்க அப்பா உட்கார்ற மாதிரி ஒரு நாற்காலி இருக்குமில்ல?" என்றார் திரும்பி வந்த ஆலோசகர். "அதுகிட்ட தினமும் கொஞ்ச நேரம் பேசிப் பழகுங்க. கண்ணை மூடிக்கிட்டா சுலபமா இருக்கும். அவரைத் திட்டணும்னு இல்லை. அவர்கிட்ட என்ன எதிர்பார்த்தீங்கன்னு சொன்னாப் போதும்."

வீட்டில் அப்பா உட்காருகிற நாற்காலியில் எந்நேரமும் அப்பாவே உட்கார்ந்திருந்தார். சோபாக்காரர் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மகள் படிக்கிற பிளாஸ்டிக் நாற்காலியிடம், "நீங்க அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று தொடங்கினார். மனைவி உள்ளே வந்தாள்.

"யார்கிட்ட பேசறீங்க?"

"போன்ல."

"போன் வெளிய சார்ஜ்ல இருக்குங்க."

கடையில் புதிதாக ஒரு விற்பனைப் பயிற்சி, வாடிக்கையாளர் எதிரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசிப் பார்க்க வேண்டும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தார். ஆலோசனைக்குப் போவதை மனைவியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது ஹாலுக்குப் போகும், ஹாலில் அப்பா இருக்கிறார் என்று பயம். மனைவி நம்பினாளோ இல்லையோ, அதன் பிறகு அறைக்குள் நுழையும்போது இருமிவிட்டு நுழைந்தாள். மகள் தன் நாற்காலியை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள்.

ஆகவே வைத்தியத்தைக் கடைக்கு மாற்றினார். மேல் மாடி மூலையில் தேக்கு நாற்காலி ஒன்று நீண்ட காலமாக விலை போகாமல் கிடந்தது. உயர்ந்த முதுகு, அகலமான கைகள், பார்த்தாலே அதட்டுகிற தோரணை. அதன் எதிரில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு மதிய இடைவேளையில் கண்ணை மூடினார். அப்பா உடனே வந்து உட்கார்ந்துவிட்டார். பிளாஸ்டிக்கில் வராதவர் தேக்கு என்றதும் வந்தது சோபாக்காரருக்கு ஆச்சரியமாக இல்லை.

முதலில் கோபம் வந்தது. அப்புறம் அழுகை வந்தது. ஒரு வாரத்தில் நெஞ்சில் ஏதோ இளகினது போல் இருந்தது. வீட்டில் கத்துவது குறைந்தது. மகளிடம், "ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று ஒரு நாள் நேராகக் கேட்டார். "ஒண்ணுமில்லைன்னு சொல்லுங்கம்மா" என்றாள் அவள்.

இதற்குள் முதலாளி கேமராவில் பார்த்துவிட்டார். தன்னுடைய மூத்த விற்பனையாளர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குவதை முழுசாகப் பார்த்துவிட்டு அவரைக் கீழே கூப்பிட்டார். மனைவியிடம் சொன்ன பொய் கைவசம் தயாராக இருந்தது. சோபாக்காரர் அதையே எடுத்து நீட்டினார். "பயிற்சிங்க முதலாளி. பொருளோட மனசாரப் பேசிப் பழகினாத்தான் அதை விக்க வாய் வரும்."

முதலாளி அசந்துபோனார். அன்று மாலையே எல்லோரையும் கூட்டி, இனிமேல் ஒவ்வொருவரும் அவரவர் பொருளிடம் தினமும் பேச வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

மறுநாளிலிருந்து கடை ஒரு தினுசாக ஆனது. மெத்தைப் பிரிவில் இருந்த பெண் மெத்தையைத் தடவி, தன் மாமியார் தன்னை ஒரு நாளும் நிம்மதியாகத் தூங்க விட்டதில்லை என்று சொல்லத் தொடங்கினாள். பீரோ விற்கிறவர் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பேசினார், எதிரொலி நன்றாக இருப்பதாகச் சொன்னார். கல்யாணக் கட்டில் பார்க்க வந்த ஒரு குடும்பம் மெத்தைக்காரியின் கதையைப் பாதி கேட்டுவிட்டு, பெண்ணைப் பெற்றவர்கள் ஒரு பக்கமும் பிள்ளையைப் பெற்றவர்கள் ஒரு பக்கமுமாகப் படியிறங்கிப் போனார்கள். அந்த வாரம் விற்றது ஒரே ஒரு கால் மிதியடி.

முதலாளி மீண்டும் கூப்பிட்டார். இம்முறை குரலில் அசந்துபோன தன்மை இல்லை. பயிற்சியை நிறுத்தச் சொன்னதும் மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள், இவர் மட்டும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டார். சோபாக்காரர் பக்கத்திலிருந்த மேஜையின் தூசியைத் துடைத்தார்.

"நாளைக்கு உங்க வீட்டுப் பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க. நான் பேசணும்."

மீசை நரைக்கத் தொடங்கின மனிதரை, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பினால் அவர் என்ன செய்வார்? பள்ளிக்கூடத்தில் இதே கட்டளை வந்தபோது அப்பாவிடமாவது பேச்சு இருந்தது. அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்று மறுநாள் ஒரு புதுப் பொய்யைச் சொன்னார். முதலாளி அவர் எதிரிலேயே வீட்டுக்குப் போன் போட்டார். போனை எடுத்தது அப்பா.

அதோடு, தேக்கு நாற்காலியை அன்றே தள்ளுபடியில் தள்ளிவிடச் சொல்லி முதலாளி அட்டையும் மாட்டிவிட்டார். மாலைக்குள் யாராவது கொண்டுபோய்விடுவார்கள். சோபாக்காரர் சாப்பாட்டைத் தொடாமல் மாடி ஏறினார். இன்னும் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கவில்லை. வேலை போனாலும் போகட்டும், சொல்லிவிட்டே போவது என்று முக்காலியில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடினார். பேச்சைக் கூட்டிச் சேர்க்கக் கொஞ்ச நேரம் ஆனது.

நாற்காலி லேசாக முனகியது. முழங்காலுக்குத் தடவுகிற தைலத்தின் வாசனைகூட வந்தது. இன்றைக்குக் கற்பனை பிரமாதமாக வருகிறதே, ஆலோசகர் அம்மாவிடம் சொன்னால் சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டு தொடங்கினார்.

"அப்பா, நீங்க சொன்னதுக்குக் கோவம் இல்ல. மத்தவங்க சிரிச்சாங்களே, அப்போ நீங்க என் பக்கம் வந்து நின்னிருக்கலாம். அதுதான் இத்தன வருஷமா அடைச்சுக்கிட்டு இருக்கு. நானாவது வந்து பேசியிருக்கலாம், எனக்கும் உங்க வீம்புதான். இப்போ எம் பொண்ணு எங்கிட்ட அவ அம்மா மூலமாப் பேசறா. அது உங்ககிட்டருந்து நான் வாங்கி அவளுக்குக் குடுத்ததுப்பா. எனக்கு பயமா இருக்கு. இது நம்மளோட நின்னுடணும். நீங்க எங்கிட்ட பேசுங்கப்பா. திட்டினாலும் பரவால்ல, நேரா திட்டுங்க."

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு கண்ணைத் திறந்தார். அப்பா உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்தது. மடியில் குடை இருந்தது. ஒரு நிமிடம் சோபாக்காரர் தன் கற்பனையை மெச்சிக்கொண்டார். பொத்தான்வரை இவ்வளவு துல்லியமாக வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

அப்பா செட்டுப் பல்லை நாக்கால் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்தார்.

"படி ரொம்ப ஒசரம். குடிக்கத் தண்ணி இருக்கா?"

பல வருஷத்துக்குப் பிறகு அவர் மகனிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. சோபாக்காரர் முக்காலியோடு சேர்ந்து விழுந்தார். எழுந்து ஓடித் தண்ணீர் கொண்டுவந்ததில் பாதி வழியிலேயே சிந்தியது. அப்பா குடித்து முடித்து, நாற்காலியின் முதுகில் நன்றாகச் சாய்ந்து, கைகளைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல சீட்டு. பஸ்ஸுல இந்த மாதிரி ஒரு முதுகு குடுத்திருந்தா என் இடுப்பு இப்படி ஆயிருக்காது. மனுஷன உட்கார வெக்கிறதும் வேலதான்." குடையின் கைப்பிடியைத் திருகினார். "அன்னைக்கு நான் உன் பக்கம் நின்னிருக்கணும்."

சோபாக்காரருக்கு உடம்பெல்லாம் லேசானது. தான் பட்ட அவமானம், மெத்தைக்காரியின் மாமியார், நின்றுபோன கல்யாணம் எல்லாவற்றுக்கும் இது ஈடு என்று தோன்றியது. அழுதுகொண்டே உண்மையை எல்லாம் சொன்னார். தான் ஓர் ஆலோசகரிடம் போவதையும், அவர் நாற்காலியிடம் பேசச் சொன்னதையும் கேட்டு அப்பா ஆச்சரியப்படவில்லை. அந்த இடத்துக்குத் தன்னையும் ஒரு நாள் கூட்டிப் போகும்படி மட்டும் சொன்னார்.

கீழே வந்து அப்பா முதலாளியிடம் என்ன பேசினாரோ தெரியாது. வேலை தங்கியது. தள்ளுபடி விலையில் நாற்காலி வீட்டுக்கு வந்தது.

புதன்கிழமை இருவரும் கிளம்பினார்கள். கேட்டருகே மகள் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மனைவி சமையலறையில் இருந்தாள், கூப்பிடு தூரத்தில் தபால்காரர் யாரும் இல்லை. மகள் தாத்தாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, வரும்போது சைக்கிள் பெல் ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

சோபாக்காரர் இரண்டு முறை தலையாட்டினார்.

பேருந்தில் வழி நெடுக அப்பாவுக்குப் பாடம் எடுத்துக்கொண்டு வந்தார். முதலில் கூச்சமாகத்தான் இருக்கும், பயப்படக் கூடாது, காலி நாற்காலியைக் காட்டிப் பேசச் சொன்னால் சிரிக்கக் கூடாது, அதெல்லாம் படித்தவர்கள் கண்டுபிடித்த முறை, போகப் போகப் புரியும் என்றார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஓட்டுநர் வளைவில் வேகமாகத் திரும்பியபோது மட்டும் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்தார்.

மையத்தின் அறையில் ஆலோசகர் அம்மா இன்னும் வரவில்லை. ஆடுகிற நாற்காலி அதே இடத்தில் இருந்தது. சோபாக்காரர் அப்பாவைக் கை வைத்த வேறு நாற்காலியில் பார்த்துப் பதமாக உட்கார வைத்தார். தேநீர்த் தட்டோடு உள்ளே வந்த அம்மாள் பெரியவரைப் பார்த்ததும் நின்றாள். தட்டை அவசரமாக மேஜையில் வைத்துவிட்டு, ஆடுகிற நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தினாள்.

"என்னங்கய்யா, அந்த ஆலோசகர் சார்கிட்ட சனிக்கிழமதான வருவீங்க? நீங்க மகன உட்கார வெச்சுப் பேசற நாற்காலிய இன்னும் சரி பண்ணல, இன்னைக்கு உதைக்காம நேரா கட்டிப்பிடிச்சு அழுதுடுங்க."