கிரவுண்டுக்கு மேல் ஒரு எர்த்

எர்த் ஆசாமிகள் என்று ஓர் இனம் உண்டு. காரைப் பூட்டியபின் கைப்பிடியை இழுத்துப் பார்ப்பார்கள், அணைத்த அடுப்பின் மேல் உள்ளங்கையை நீட்டிப் பார்ப்பார்கள், குழந்தைக்கு டயப்பருக்கு மேல் இன்னொரு டயப்பர் மாட்டுவார்கள். ஏன் என்று கேட்டால், 'சேஃப்டிக்கு!' குழந்தைக்குத்தான் கால் சேராது.

அமெரிக்காவில், பிளானோ நகரில் நான் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வீட்டின் தலைவர் சேனாபதி இந்த இனத்தின் சிகரம். துணை மின்நிலையங்களுக்கு மீட்டர் பொருத்திய பேனல் செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். ஆயிரக்கணக்கான வோல்ட்டை மீட்டர் தாங்கும் அளவுக்குக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று உண்டாம். குறைந்த வோல்ட் வெளிவரும் அதன் செகண்டரிச் சுற்றை மண்ணோடு இணைக்காவிட்டால், அதாவது எர்த் போடாவிட்டால், உள்ளே ஏதாவது பழுதாகும்போது மேலிடத்து வோல்ட் கீழே இறங்கி, மீட்டரைத் தொட்டவரைத் தூக்கி எறியும். நியாயமான பயம்தான். ஆனால் எர்த் ஆசாமியின் பயத்துக்கு எல்லை ஏது?

போன வாரம் மின்நிலையத்தில், அவர் செய்த பேனலுக்கு வாடிக்கையாளர் முன்னால் சோதனை. பேனல் தேறினால்தான் கம்பெனி அவருக்கு கிரீன் கார்டு கேட்டு மனுப் போடும்.

வரைபடத்தில், வெளியே டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில், 'கிரவுண்ட்' என்று போட்டிருந்தது. எர்த்துக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் அதுதான். அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன, நம்பிக்கை வர வேண்டாமா?

"அவன் கிரவுண்ட் அவனுக்கு, ஆன்ட்டி. நான் பேனல்லயும் ஒரு எர்த் போட்டுட்டேன். டபுள் சேஃப்டி!"

"மாத்திரையையும் இப்படித்தான் டபுளா முழுங்குவீங்களா, தம்பி?" நர்ஸ் வேலை பார்த்தவள் வேறென்ன கேட்பேன்?

சோதனையில் மீட்டர் உளறியது. இரண்டு இடத்து மண்ணும் ஒரே வோல்ட்டில் இருப்பதில்லையாம். அந்த வித்தியாசம் கம்பிக்குள் புகுந்து பொய் சொன்னதாம். வாடிக்கையாளர் முகத்தைச் சுளிக்க, மேலதிகாரி மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, பேனலுக்குள் குனிந்து, நம்மவர் போட்ட கம்பியை உருவி எடுத்தார். மறுபடி ஓட்டினார்கள். மீட்டர் சமர்த்தாக நின்றது. பேனல் தேறியது.

சேனாபதி வீட்டுக்குள் துள்ளிக்கொண்டு நுழைந்தார். நடந்ததையெல்லாம் மனைவி ஜலஜாவிடம் ஒப்பித்தார்.

"கிரீன் கார்டு ஃபைல் பண்றாங்க, ஜலஜா!"

"அப்பாடா!"

"சேஃப்டிக்கு நானும் தனியா ஒரு லாயரைப் பிடிச்சு, இன்னொண்ணு ஃபைல் பண்ணச் சொல்லியிருக்கேன்."

ஜலஜா போனை எடுத்து அவர் கையில் திணித்தாள். "முதல்ல அந்த ஒண்ணைக் கழட்டுங்க!"

கழற்றினார். கழன்றதா என்று கேட்க, லாயருக்கு மறுபடியும் போன் போட்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும் நடுவே எழுந்துபோய், பூட்டிய வாசற்கதவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தது யார்?