அட்டையில் என்னையும் எழுதிவிட்டேன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். நலம் என்றால் உடம்பு மட்டும். நீங்களும் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் வாடகைக்கு வேறு வீடு தேடுவதும், எதைக் காட்டினாலும் உங்கள் அத்தை “உங்க இஷ்டம்” என்பதும் உங்களுக்குத் தெரியும். என்ன வேண்டும் என்று நேரே கேட்டால் எல்லாமே வேண்டும் என்பார்கள், இது இருந்தால் அது இருக்காது என்று இரண்டிரண்டாகக் காட்டி எடுக்கச் சொன்னால் மனசு தெரிந்துவிடும் என்று வாடிக்கையாளர்களிடம் உங்கள் கம்பெனி செய்யும் வித்தையைச் சொன்னீர்களே, அதையே செய்தேன். பழைய காலண்டர் அட்டையை வெட்டி, ஒன்றில் லிஃப்ட் உண்டு, பால்கனி இல்லை, வாடகை குறைவு; இன்னொன்றில் பால்கனி உண்டு, லிஃப்ட் இல்லை, வாடகை அதிகம் என்று, இப்படியே மாற்றி மாற்றிப் பல அட்டைகள் எழுதினேன். இதோடு நிறுத்தியிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ரிட்டயர் ஆன நான் வீட்டோடு இருப்பதும் ஒரு வசதிதானே என்று, ‘கணவர் நாள் முழுவதும் வீட்டில்’ அல்லது ‘கணவர் பாதி நாள் வெளியே’ என்று எல்லா அட்டையிலும் சேர்த்துவிட்டேன்.

அவள் காய் நறுக்கிக்கொண்டே டக்டக்கென்று எடுத்துப் போட்டாள். எதை எடுத்தாள் என்று உங்களுக்கு அனுப்பினேன். நீங்களும் கணக்குப் போட்டு, போனில் இழுத்து இழுத்துச் சொன்னீர்கள். லிஃப்ட் வேண்டாமாம், பால்கனி வேண்டாமாம், வாடகை ஏறினாலும் பரவாயில்லையாம், நான் பாதி நாள் ஒழிந்தால் போதுமாம். மூட்டுவலிக்காரி மூணு மாடி ஏறத் தயார் மாப்பிள்ளை, என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உக்காரத் தயாரில்ல. அப்படி என்ன பண்ணிட்டேன்? கேஸைச் சின்னதா வைம்பேன். பாத்திரத்தை மூடினியாம்பேன். டப்பாவையெல்லாம் உயர வரிசையில அடுக்கி வெச்சேன், உப்பு எங்கேன்னு அவளுக்குத் தெரியலைன்னா அது என் குத்தமா?

ரோஷத்தோடு மறுநாளே கிளம்பினேன். பூங்காவில் உட்கார்ந்தால், சாப்பாட்டு நேரத்தில் கேட்டைப் பூட்டணும் என்று காவலாளி எழுப்பிவிட்டார். பேங்கில் ஏசி இருக்கிறதே என்று போனால், டோக்கன் எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன் என்று மேனேஜரே வந்து விசாரிக்கிறார். சலூனுக்குப் பேப்பர் படிக்கப் போய், சும்மா உட்கார வெட்கப்பட்டு முடி வெட்டிக்கொண்டேன். அடுத்த நாளும் போய் மறுபடி வெட்டிக்கொண்டேன். இனி வெட்ட ஒன்றுமில்லை. ஆகவே உங்கள் ஆபீசில் அட்டை வெட்டுகிற வேலையாவது பாதி நாளுக்கு எனக்குப் பார்த்துத் தரவும். சம்பளம் வேண்டாம். சொந்த வீட்டிலேயே வேண்டாதவனாகிவிட்ட எனக்கு உட்கார ஒரு நாற்காலி இருந்தால் போதும்.

மகளிடம் சொல்லாதீர்கள், சிரிப்பாள். இருவரும் ஒருவரையொருவர் அட்டை போட்டுப் பார்க்காமல் நெடுங்காலம் வாழ ஆசீர்வதிக்கும்,

மாமா

பின்குறிப்பு: உறையில் போடுமுன் உங்கள் அத்தை இதைப் படித்துவிட்டாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. “நீங்க வீட்ல இருக்கறது, நீங்க வெளிய போறது, ரெண்டுதானே எழுதியிருந்தீங்க? நான் வெளிய போற மாதிரி ஒரு அட்டைகூட இல்லையே. இருந்திருந்தா அதைத்தான் எடுத்திருப்பேன்” என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை, மாப்பிள்ளை. ஆகவே மேலே கேட்ட வேலையை அவளுக்குப் பார்க்கவும். முழு நாள் என்றாலும் சம்மதமாம். சம்பளம் கட்டாயம் வேண்டும் என்று எழுதச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்கிறாள்.