பின் சீட்டில் பெரிய மாமா

பொண்டாட்டி ஊரில் இல்லாத மனிதன் கையில் ஸ்பானரைக் கொடுக்கக் கூடாது. அவன் எதையாவது கழற்றுவான். கழற்றியதைத் திரும்ப மாட்டும்போது அவளை நினைத்துக்கொள்வான். கடைசியில் இரண்டு திருகாணி மிச்சமாகும். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. நான் பட்டதை எங்கள் மலையூரான பண்ணைக்காடு முழுவதும் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது.

எனக்குக் கல்யாணம் ஆனபோது ரேவதி திண்டுக்கல்லில் பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். கல்யாண லீவு முடிந்ததும் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அதாவது, எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, மனைவிதான் இல்லை. பீரோவில் அவள் புடவைகள் இருந்தன. கண்ணாடியில் அவள் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டு இருந்தது. சவரம் செய்யும்போது அந்தப் பொட்டுக்கு நேராக என் நெற்றி வருகிற மாதிரி நின்றுகொள்வேன். (சிரிக்காதீர்கள். நீங்களும் ஒரு காலத்தில் புது மாப்பிள்ளையாக இருந்திருப்பீர்கள்.)

செல்போன் மலைமேல் சரியாக எடுக்காத காலம் அது. புதன்கிழமை சாயங்காலம் ஹாஸ்டல் பக்கத்துக் கடையிலிருந்து எங்கள் கடைவீதி பூத்துக்குக் கூப்பிடுவாள். நான் மத்தியானமே போய் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன்.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். நீ?"

"ம்."

அதற்குள் அவளுக்குப் பின்னால் நிற்கிற பெண்கள் சிரிப்பார்கள். எனக்குப் பின்னால் நிற்கிற மிளகு வியாபாரி இருமுவார். சொல்ல நினைத்த எதையும் சொல்லாமல் போனை வைத்துவிட்டு, வீட்டுக்கு நடந்து வரும்போது அத்தனையையும் காப்பிச் செடிகளிடம் சொல்லிக்கொண்டு வருவேன்.

சனிக்கிழமை மதியம் வரை அவளுக்கு வகுப்பு. அதன் பிறகு பஸ் பிடித்து, வத்தலக்குண்டில் மாறி, கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து வீடு வந்து சேரும்போது, அவளிடம் பேசக்கூடத் தெம்பு இருக்காது. ஞாயிறு மதியம் திரும்பக் கிளம்பிவிட வேண்டும். அதனால் அபூர்வமாகத்தான் வந்தாள். நானே காரில் போய்க் கூட்டி வந்து, திங்கள் விடியும் முன் கிளம்பிக் கொண்டுபோய் விட்டால், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும். அந்த நாட்களில் கடவுளே வந்து என்ன வேண்டும் என்று கேட்டிருந்தாலும் அந்த ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத்தான் கேட்டிருப்பேன்.

கார் இருந்தது. கொடைக்கானல் காட்டேஜ்காரர் ஒருவர் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி இறக்கி, இனி இது தேறாது என்று தெரிந்த பிறகு என் தலையில் கட்டிய பெட்ரோல் கார். அது பெட்ரோலைச் சாதாரணமாகக் குடிக்கவில்லை, மொடாக்குடி குடித்தது. வாரா வாரம் திண்டுக்கல் போய் வந்தால் தோட்டத்தையே விற்க வேண்டியிருக்கும். அந்தச் சமயத்தில்தான், கீழே சமவெளியில் எல்லோரும் காரை காஸுக்கு மாற்றி ஓட்டுகிறார்கள் என்ற செய்தியோடு சவரிமுத்து வந்தான்.

சவரி என் பள்ளித் தோழன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். அவன் தொழில் காஸ் அடுப்பு ரிப்பேர். தாண்டிக்குடி வரைக்கும் எந்த வீட்டில் அடுப்பு மஞ்சளாக எரிந்தாலும் அவனுக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். கார் வேலை தெரியுமா என்று கேட்டேன்.

"மாப்ள, இஞ்சினும் ஒரு அடுப்புதான். சட்டி உள்ள இருக்கு, அம்புட்டுதான் வித்தியாசம்."

இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. (ரேவதி பக்கத்தில் இருந்திருந்தால் தேவைப்பட்டிருக்கும்.)

எங்கேயோ கழித்துப் போட்ட பழைய காஸ் கிட் ஒன்றைச் சவரி வாங்கி வந்தான். எங்கள் வீட்டு வாசலில் காரின் வயிற்றைத் திறந்து போட்டோம். கிட்டில் கனத்த டப்பா ஒன்று இருந்தது. சிலிண்டரிலிருந்து வருகிற காஸ் அதன் வழியாகத்தான் இஞ்சினுக்குப் போகும். டப்பாவிலிருந்து இரண்டு தண்ணீர்க் குழாய் முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. இஞ்சினின் சுடுதண்ணீர் அவற்றின் வழியாக ஓடி டப்பாவைச் சூடாக வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் விறைத்துப்போகும் என்பது இப்போது எனக்குத் தெரியும். அப்போது சவரி அந்த முனைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"காஸுக்கும் தண்ணிக்கும் என்ன சோலி? அடுப்புல தண்ணிய ஊத்துனா அணைஞ்சில்ல போகும்?"

"அதான?" என்றேன் நானும்.

இரண்டு முனைகளையும் சைக்கிள் டியூபைச் சுற்றி அடைத்தோம். பெட்ரோல் குழாயையும் கழற்றி மூடிவிட்டான். இரண்டையும் வைத்தால் இஞ்சினுக்குக் குழப்பம் வருமாம்.

"காஸ்ல மட்டும் மலையேற முடியுமாடா?"

"ஏலாதுன்னு ஒண்ணு இல்ல மாப்ள" என்றான்.

மிச்சம் சிலிண்டர்தான். வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் அம்மாவின் அடுப்புக்குக் கீழே. சமையல் சிலிண்டரைக் காரில் மாட்டுவது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ரேவதியைப் பார்த்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. (தயவுசெய்து யாரும் செய்து பார்க்காதீர்கள். மனைவியைப் பார்க்க பஸ்ஸில் போங்கள்.)

அம்மா மறித்துக்கொண்டு நிற்பாள் என்று நினைத்தேன். அவளே ரெகுலேட்டரைக் கழற்றினாள்.

"ஏலே, கொண்டு போ. நான் வெறகுல பொங்கிக்கிறேன். அந்தப் புள்ள வந்து எறங்குனதும் ஒரு வாய் காப்பி போட்டுக் குடுக்கணும். அதுக்கு மட்டும் மிச்சம் வச்சுக் கொண்டா."

அம்மாவுக்கும் அவள் இல்லாத வீடு பிடிக்கவில்லை. என்னோடு பேசலாம் என்றால், நான்தான் காப்பிச் செடிகளோடு பேசிக்கொண்டிருந்தேனே.

மார்கழி மாதச் சனிக்கிழமை. இறங்கும்போது கார் வழுக்கிக்கொண்டு போனது. இறக்கத்தில் எந்தக் காரும் அப்படித்தான் போகும் என்பது எனக்குத் தோன்றவில்லை. சமவெளி வெயில் பட்டதும் இன்னும் உற்சாகமாக ஓடியது. பின் சீட்டில் சிவப்புச் சிலிண்டர், கயிற்றால் கட்டப்பட்டு, ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது.

ஹாஸ்டல் வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தேன். புதுச் சட்டை. சென்ட் வேறு. (சென்ட்டையும் மீறி காஸ் வாடை.) உள்ளேயிருந்து ஓடி வந்தது ரேவதி அல்ல, ஹாஸ்டல் சமையல்கார அக்கா.

"வந்துட்டீங்களாண்ணே! காலையில இருந்து அடுப்பு எரியல. வெரசா பின்பக்கமா கொண்டாந்து எறக்குங்க."

"அக்கா, நான் காஸ்காரன் இல்ல. ரேவதியோட வீட்டுக்காரர்."

அக்கா என் சட்டையைப் பார்த்தார், சிலிண்டரைப் பார்த்தார். சட்டையை நம்பவில்லை. கதவைத் திறந்து கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார். வார்டன் மேடம் வந்து, "சிலிண்டர் சொல்லி எத்தனை நாளாச்சு சார்? ஏன் இவ்வளவு லேட்?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், அதுலதான் மேடம் கார் ஓடுது!" என்று கத்தினேன்.

மாடி வராந்தாவில் வரிசையாக நின்ற வருங்கால ஆசிரியைகள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே ஒருத்தி மட்டும் சிரிக்காமல் பையோடு இறங்கி வந்தாள். நான் ஏங்கிக்கிடந்த முகம். அது என்னைப் பார்க்கவில்லை, சிலிண்டரைப் பார்த்தது.

"என்னங்க, இது நம்ம வீட்டுதுல்ல? ஆயுத பூஜைக்கு நான் வச்ச பொட்டு அப்படியே கெடக்கு. அத்தை எதுல சமைக்கிறாங்க?"

"வெறகுல."

பையைக் காருக்குள் போட்டாள். பிறகு, நான் அவளுக்காகக் கொண்டு போயிருந்த கம்பளியை எடுத்துச் சிலிண்டருக்குப் போர்த்தினாள். என் குரங்குக் குல்லாயை அதன் தலையில் மாட்டினாள்.

"இப்படியே கொண்டு போனா வழியெல்லாம் எறக்கச் சொல்வாங்க" என்றாள்.

மலையடிவாரச் செக்போஸ்ட்டில் காவலர் குனிந்து பின் சீட்டைப் பார்த்தார். "யாரு பெரியவரு?"

"எங்க பெரியப்பா சார்" என்று உளறினேன்.

"பெரிய மாமாவுக்குக் குளிர்காய்ச்சல் சார். இப்பத்தான் அசந்து தூங்குறாரு" என்றாள் ரேவதி, எந்தத் தடுமாற்றமும் இல்லாமல்.

"என்னமோ வாடை அடிக்குதே?"

"தைலம் சார்."

"சுக்குக் காப்பி போட்டுக் குடுங்கம்மா" என்று சொல்லிக் கையை அசைத்தார். அந்த நல்ல மனிதரை ஏமாற்றியதற்காக இன்றும் சுக்குக் காப்பி குடிக்கும்போதெல்லாம் மனம் உறுத்தும்.

மேலே ஏற ஏற மஞ்சு இறங்கிப் பனிமூட்டமாகப் பாதையை மறைத்தது. சில வளைவுகள் தாண்டியதும் கார் இருமியது. இன்னும் கொஞ்ச தூரத்தில் நின்றேவிட்டது. டப்பாவில் ஐஸ். கம்பளியைத் தூக்கிப் பார்த்தால் பெரிய மாமாவின் உடம்பெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. மார்கழிக் குளிரில் எங்கள் பக்கம் அடுப்பு சோர்ந்து எரிந்தால், சிலிண்டரைச் சுடுதண்ணீர்க் குண்டானில் தூக்கி வைப்பது வழக்கம். அதே வைத்தியத்தைச் செய்தேன். வளைவில் இருந்த டீக்கடையில் கெஞ்சிச் சுடுதண்ணீர் வாங்கி டப்பா மேலும் பெரிய மாமா மேலும் ஊற்றினேன். கார் கிளம்பியது. இரண்டு வளைவு போனது. நின்றது. அடுத்த டீக்கடை வெகு தூரம்.

நான் என்னவெல்லாம் கற்பனை செய்து வைத்திருந்தேன்! மஞ்சு மூடிய மலைப்பாதை, முன் சீட்டில் பக்கத்தில் அவள், குளிருகிறது என்று என் தோளில் சாய்வாள். எல்லாம் சரியாகத்தான் அமைந்தது. மஞ்சு இருந்தது, குளிர் இருந்தது. ஆனால் என் மனைவி பின் சீட்டில் ஏறி, கம்பளியைத் தன் மேலும் சேர்த்து இழுத்துக்கொண்டு, சிலிண்டரை இரண்டு கையாலும் இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"உடம்புச் சூட்டுல கொஞ்சமாச்சும் எளகும். நீங்க ஸ்டார்ட் பண்ணுங்க."

கண்ணாடியில் பார்த்தேன். குல்லாய் போட்ட அந்தத் தலைமேல் அவள் கன்னத்தைச் சாய்த்திருந்தாள். ஒரு காஸ் சிலிண்டர் மேல் பொறாமைப்பட்ட ஒரே புருஷன் நானாகத்தான் இருப்பேன்.

கார் நகரும், நிற்கும், அதுவாக இளகும் வரை காத்திருப்போம், மறுபடி நகரும். காத்திருந்த நேரங்களில் பேசினோம். காப்பிச் செடிகளிடம் சொன்னதையெல்லாம் முன் சீட்டிலிருந்து அவளிடம் சொன்னேன். கண்ணாடிப் பொட்டைப் பற்றிக்கூடச் சொன்னேன்.

"இதையெல்லாம் ஏன் போன்ல சொல்லல?"

"மிளகு வியாபாரி நிப்பாரு."

அவள் சிலிண்டரைக் கட்டிக்கொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கும் அங்க தூக்கமே வரலங்க" என்றாள்.

அவள் வழக்கமாக வருகிற பஸ் அப்போது எங்களைத் தாண்டி நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "டீச்சரம்மா, ஏறிக்கிறீங்களா? வெள்ளனே வீட்டுக்குப் போயிரலாம்ல?"

ரேவதி என்னைப் பார்த்தாள். "இல்லண்ணே, நீங்க போங்க. பெரிய மாமாவ விட்டுட்டு எப்படி வாறது?"

பஸ் போய்விட்டது. அது கக்கிய புகையில் நான் இருமிக்கொண்டிருந்தேன், என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருமியது கிடையாது.

வீட்டுக்கு வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. அம்மா பால் பாத்திரத்தோடு தயாராக இருந்தாள். சிலிண்டரைக் கொண்டுபோய் மாட்டியதும் அடுப்பைப் பற்றவைத்தாள். நீலமாக ஒரு முறை எரிந்தது. பால் லேசாகச் சுடுவதற்குள் அடங்கிப்போனது.

"ஏலே, ஒரு காப்பிக்குக்கூடவா மிச்சம் வைக்கல?"

ரேவதிக்கு விறகடுப்பில்தான் காப்பி கிடைத்தது. எனக்கு அதுவும் கிடைக்கவில்லை. காஸ் தீர்ந்ததோடு என் திங்கட்கிழமைப் பயணமும் தீர்ந்தது. புதுச் சிலிண்டர் மலைக்கு வர வாரங்கள் ஆகும். கழற்றிய பெட்ரோல் குழாயைக் காணவில்லை. சவரி வந்து, "தண்ணிக் குழாய அடைச்சிருக்கக் கூடாதோ?" என்று யோசனையாகக் கேட்டுவிட்டுப் போனான். ஞாயிறு மதியம், எப்போதும் போல, ரேவதி பஸ் ஏறினாள். நான் வாங்கப் போன முழு ஞாயிற்றுக்கிழமை பாதிதான் கிடைத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தவள் எட்டி என் கையைப் பிடித்தாள்.

"இனிமே நானே வாரா வாரம் பஸ்ல வாறேன். வாந்தி வந்தா வந்துட்டுப் போகுது. பெரிய மாமாவ எங்கயும் கூட்டிட்டு வராதீங்க, வீட்டுலயே இருக்கட்டும்."

சொன்னபடி வாரா வாரம் வந்தாள். பிறகு இங்கேயே வேலையும் கிடைத்தது. எங்கள் வீட்டில் சிலிண்டருக்குப் பெயர் பெரிய மாமா என்றே ஆகிவிட்டது. புதுச் சிலிண்டர் வந்தால், "பெரிய மாமா வந்திருக்காரு, வழி விடுங்க" என்பாள் ரேவதி. அடுப்பு சோர்ந்தால், "பெரிய மாமாவுக்கு முடியல" என்பாள் அம்மா, தன் கடைசிக் காலம் வரை.

போன வருடம் ரேவதிக்குத் தலைமையாசிரியை பதவி உயர்வு வந்தது. பள்ளிக்கூடம் கீழே, சமவெளியில். அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். இப்போது போன் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. பின்னால் நின்று இருமவும் யாரும் இல்லை. இருந்தும் சொல்ல நினைக்கிறதைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வருவதில்லை.

நேற்றுக் கூப்பிட்டாள். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், நீ, ம் எல்லாம் முடிந்தது.

"பெரிய மாமா எப்படி இருக்காரு?" என்று கேட்டாள்.

"மார்கழில்ல. ராத்திரியெல்லாம் குளிருல வெறச்சுப்போயிக் கெடக்காரு" என்றேன். "கட்டிப்புடிக்க ஆளில்ல."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"சனிக்கிழம வாறேன்னு அவருகிட்டச் சொல்லுங்க" என்றாள்.