காய்ச்சி வடித்த தண்ணீர்

பற்றறியில் வைத்த வோல்ற் மீற்றரில் பன்னிரண்டு புள்ளி இரண்டு என்று விழுந்ததும் ஆழ்வாப்பிள்ளை அதை எடுத்து இன்னொரு தரம் வைத்துப் பார்த்தார். போன ஞாயிறு புள்ளி நாலு. இன்றும் ஞாயிறு. இன்னும் அரை மணித்தியாலத்தில் மகன் சிவகரன் ஒஸ்லோவிலிருந்து போன் எடுப்பான்.

கரவெட்டி வீட்டு வளவுக்குள் நிற்கிற வான் மகனுடையது. கட்டில், அடுப்பு, பிரிட்ஜ் எல்லாம் பூட்டிய வீட்டு வான். விடுமுறைக்கு வந்தால் நாடு சுற்றவென்று வாங்கினான். தாய் இரத்தினம்மாவின் செத்தவீட்டுக்கு வந்த நாலு நாளும் அதற்குள்தான் படுத்தான். வீட்டில் நுளம்பு கடிக்குதாம். போகும்போது அதன் பற்றறியைக் கழற்றித் தகப்பனிடம் ஒப்படைத்தான். குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும், கிழமைக்கு ஒருமுறை அளக்க வேண்டும் என்றான்.

அந்த வீட்டில் அப்படியான இடம் இரத்தினம்மாவின் அறை ஒன்றுதான். அவளுடைய கட்டிலில் பலகை போட்டுப் பற்றறியை ஏற்றிவிட்டு, ஆழ்வாப்பிள்ளை விறாந்தையில் படுத்தார்.

அன்றிலிருந்து ஒரு ஞாயிறும் தப்பாமல் மகன் எடுத்தான். தாய் இருந்த காலத்தில் பொங்கலுக்கும் வருசப்பிறப்புக்கும் மட்டும் எடுத்தவன். தாய் போனபிறகுதான் பிள்ளைக்குத் தகப்பனின் அருமை தெரிந்திருக்கிறது என்று ஆழ்வாப்பிள்ளை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். கேட்டவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

இன்றைக்கு அவரிடம் ஒரு விசயம் இருந்தது. இரத்தினம்மாவின் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு ஐயர் திதி பார்த்துச் சொல்லியிருந்தார். அடுத்த மாதம் வருகிறது. கொள்ளி வைத்த ஒரே மகன் வந்து செய்ய வேண்டும்.

போன் அடித்தது.

"எத்தினை காட்டுது, அப்பா?"

"பன்ரண்டு புள்ளி ரெண்டு. தம்பி, அம்மான்ரை திவசம்..."

"பொறுங்கோ. உது குறையுது. தண்ணி வத்தியிருக்கும். காய்ச்சி வடிச்ச தண்ணி விடுங்கோ. நான் அடுத்த கிழமை எடுக்கிறன்."

காய்ச்சி வடித்த தண்ணீர். அதிலென்ன கஷ்டம்? கிணற்றில் அள்ளி, கேத்திலில் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, இரத்தினம்மாவின் பருத்திச் சீலையில் ஒரு துண்டு கிழித்து மூன்று தரம் வடித்து, ஆறவிட்டு ஊற்றினார். கேத்திலின் அடியில் சுண்ணாம்பு படிந்திருந்தது. அது கரவெட்டியில் எல்லாக் கேத்திலிலும் படிவதுதான்.

அடுத்த ஞாயிறு பதினொன்று புள்ளி ஒன்பது. திவசம் என்று வாயெடுக்க முன்னமே, சார்ச்சில் போடச் சொல்லிவிட்டு மகன் வைத்துவிட்டான். எவ்வளவு நேரமென்று சொல்லவில்லை. குறைய விட்டு ஏச்சு வாங்கக் கூடாதென்று இவர் மூன்று நாள் போட்டார். தூசி படுமென்று யன்னலையும் பூட்டினார். மூன்றாம் நாள் அறைக்குள் கூழ்முட்டை நாற்றம். எலி செத்துவிட்டதென்று அலுமாரியை இழுத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டார். எலி இல்லை. பற்றறிதான் வயிறு வீங்கிக் கிடந்தது. இரத்தினம்மாவின் மெத்தையில் அசிட் வழிந்து ஓட்டை.

நெல்லியடியில் பற்றறிக் கடை வைத்திருக்கும் யதுசன் வந்து மூடியைத் திறந்தான்.

"என்ன தண்ணி விட்டனீங்கள்?"

"காய்ச்சி வடிச்சது."

"எதாலை வடிச்சனீங்கள்?"

"சீலையாலை."

யதுசன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஆழ்வாப்பிள்ளைக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திராது. அது கடையில் போத்தலில் விற்கிற தண்ணீர் என்றும், இந்தப் பற்றறிக்கு இனி ஆயுசு இல்லை என்றும் மெதுவாகச் சொன்னான்.

புதுப் பற்றறி வந்தது. திவசத்துக்கென்று ஒதுக்கி வைத்த காசு அதோடு சரி.

மீற்றரை வைத்தார். பன்னிரண்டு புள்ளி ஏழு. ஆழ்வாப்பிள்ளைக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இனிப் பற்றறியைப் பற்றிக் கதைக்க மகனுக்கு ஒன்றுமில்லை. தாயைப் பற்றித்தான் கதைத்தாக வேண்டும். ஞாயிறு வரும் மட்டும் பொறுக்க மனமில்லாமல், இத்தனை மாதத்தில் முதல் தரமாகத் தானே மகனுக்குப் போன் எடுத்தார்.

பேத்திதான் எடுத்தாள். எடுத்தவள் இவரோடு கதைக்கவில்லை. போனைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டாள்.

"அப்பா, உங்கடை போனிலை 'பற்றறி' எண்டு பேர் விழுது. ஆர் இது?"