பெட்டிக் காக்காவின் பெருநாள் சாறன்

உலகத்தில் கெட்டுப்போகாத பொருள் ஒன்றே ஒன்றுதான், அது பழைய கம்ப்யூட்டரின் வெளிப்பெட்டி என்று முழுமனதாக நம்பும் மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் மருதமுனையில் கம்ப்யூட்டர் திருத்துகிறார். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருக்கக்கூடும். ஊருக்கு அவர் பெட்டிக் காக்கா; எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன்.

அவருடைய கடைக்குள் நேராக நடந்து போக முடியாது, ஒருக்களித்துத்தான் போக வேண்டும். இரண்டு பக்கமும் சுவர் தெரியாமல் பழைய பெட்டிகள். அதிலும் அவருக்கு உயிர் படுத்த பெட்டி. மேசையில் தட்டையாகக் கிடக்கும், தலைமேல் திரையை வைப்போமே, அந்தச் சின்னப் பெட்டி. வெள்ளையாகப் பிறந்து, இப்போது பழுத்த வாழைப்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. அப்படி ஒன்றில் அவருடைய மனைவி வெங்காயம் போட்டு வைத்திருந்தார். காற்றோட்டம் நல்லதாம்.

யாராவது புதுப் பெட்டியோடு வந்தால் காக்காவுக்கு முகம் சுருங்கிவிடும்.

"இது என்ன தம்பி, பிஸ்கட் டின்னா? கடக்காத்துக்கு ரெண்டு வருசம் நிக்காது. உள்ளுக்குப் புதுச் சாமான் போடுங்க, நான் ஒண்டும் சொல்லமாட்டன். சட்ட மட்டும் பழசா இரிக்கட்டும்."

சொல்வது சுலபம். புதிய போர்டின் ஆணித்துளைகள் பழைய பெட்டியின் துளைகளோடு ஒத்துப்போகாது. கரண்ட் கொடுக்கும் பகுதி அதற்கான இடத்தைவிடப் பெரிது. விசிறி மூடியில் முட்டும். காக்கா அரத்தையும் ட்ரில்லையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் மூன்று நாளைக்கு எழும்பமாட்டார். இடையிடையே போர்டோடு கதைப்பது கேட்கும்: "கொஞ்சம் அங்கால போ வாப்பா. இன்னும் ஒரு நூலுதான். ஆ, மாஷா அல்லாஹ்."

காரைதீவு மாஸ்டர் ஒருவருக்கு அவர் செய்து கொடுத்த கம்ப்யூட்டர், பட்டனை அமத்தினால் உயிர்பெற்று, நாலு வினாடியில் அணைந்தது. பழைய பெட்டியின் பட்டன், அமத்தினால் லைட் சுவிட்ச் மாதிரி உள்ளேயே நின்றுவிடும். புதிய போர்டு அதைத் தன்னை அணைக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்ளும். பட்டனை மாற்றுங்கள் என்றார் மாஸ்டர். பெட்டியின் மானம் போய்விடும் என்றார் காக்கா.

"அமத்துங்க சேர், உடனே திரும்ப அமத்தி வெளிய எடுங்க. டொக், டொக். அவ்வளவுதான்."

மாஸ்டர் இரண்டு கிழமை டொக் டொக் என்று அமத்தினார். பிறகு காக்காவுக்கே மனம் கேட்காமல், தானாக மோட்டார் சைக்கிளில் காரைதீவுக்குப் போய், பட்டனின் உள்கொக்கியை மட்டும் கழற்றிவிட்டு வந்தார். வெளிப்பார்வைக்குப் பட்டன் அதே பட்டன்.

இப்படிப்பட்ட மனிதரிடம் என் வாழ்க்கையை ஒப்படைத்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது நான் கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்தேன். மகளுக்கு மூன்று வயது. அவள் என்னை ஃபோனில் மட்டுமே பார்த்து வளர்ந்தவள். வந்த முதல் நாள் மடியில் வைத்தபோது, என் கன்னத்தில் இரண்டு விரலை வைத்து விரித்து, முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன்.

என் மனைவி ரிஸ்னாவுக்குக் கொழும்புக் கம்பனி ஒன்றில் வீட்டிலிருந்தே மொழிபெயர்க்கும் வேலைக்கு நேர்முகம் வந்தது. கம்ப்யூட்டரில், கேமராவுக்கு முன்னால், ஒரு மணித்தியாலச் சோதனை. ஃபோன் சரிவராது. அந்த வேலை கிடைத்தால் நான் இங்கேயே நிற்கலாம். கிடைக்காவிட்டால் திரும்பவும் கட்டார். இதையெல்லாம் ஒளிக்காமல் காக்காவிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார்.

"படுத்த பெட்டி ஒண்டு இரிக்கி. கல்முனை அரசாங்கக் கந்தோர் ஒண்டு கழிச்சது. ஒங்களுக்குத்தான் வெச்சிரிந்தன் போல."

நாலாம் நாள் கொண்டுவந்து பொருத்தித் தந்தார். பெருநாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. பெட்டியும் பெருநாள் பிள்ளை மாதிரி மினுங்கியது.

நேர்முகம் மறுநாள் பதினொரு மணிக்கு. பத்து மணிக்கு ரிஸ்னா பழகிப் பார்க்க உட்கார்ந்தாள். சரியாக இருபது நிமிடத்தில் கம்ப்யூட்டர் அணைந்தது. திரும்பவும் போட்டோம். திரும்பவும் இருபது நிமிடம். எனக்கு விமான நிலையமே கண்ணில் தெரிந்தது. ஓடிப்போய்க் காக்காவைக் கையோடு கூட்டிவந்தேன். அவர் மூடியைக் கழற்றி உள்ளே கையை வைத்தார்.

"காய்ச்சல் தம்பி. நல்லாச் சுடுது."

"இப்ப என்ன காக்கா செய்யிற? பத்து நிமிசம்தான் இரிக்கி!"

"மூடியத் தெறந்தபடி வெச்சிரிப்பம். நான் விசுறுறன்."

திரையை மேசையில் விட்டுவிட்டு, பெட்டியை நிலத்தில் இறக்கினோம். கேமராவுக்குத் தெரியாத மூலையில் காக்கா சப்பணமிட்டு உட்கார்ந்து, காட்போட் மட்டையால் விசிறத் தொடங்கினார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். இருபது நிமிடம் கடந்தது. முப்பதும் கடந்தது. ரிஸ்னாவின் முக்காட்டு நுனி படபடவென்று அடித்தது.

"அங்க காத்து கூடுதலோ?" என்றார் திரையில் இருந்த அம்மணி.

"கடக்கரை ஊரு மெடம்," என்றாள் ரிஸ்னா.

நாற்பதாவது நிமிடம் பெட்டித் தூசி காக்காவின் மூக்கில் ஏறியது. வீடு அதிரத் தும்மினார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தும்மினால் இறைவனைப் புகழாமல் விட அவரால் முடியுமா? "அல்ஹம்துலில்லாஹ்!" என்றார், உரக்க. அதைக் கேட்டவர் பதிலுக்கு அருள் வேண்ட வேண்டுமே. சின்ன வயதிலிருந்தே வந்த பழக்கம், ரிஸ்னா தட்டச்சு செய்துகொண்டே "யர்ஹமுகல்லாஹ்" என்று சொல்லிவிட்டாள். அதற்கும் தும்மியவர் மறுமொழி சொல்ல வேண்டும். மூலையிலிருந்து "யஹ்தீகுமுல்லாஹ்" என்று வந்தது. முறையில் ஒரு குறையும் இல்லை.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"யார் அங்க?" என்றார் அம்மணி.

"கம்ப்யூட்டர் திருத்துறவர், மெடம். அது சூடாகிது. விசுறிக்கிட்டு இரிக்கார்."

அந்த அம்மணி விழுந்து விழுந்து சிரித்தார். "அவர் விசுறட்டும். நீங்க எழுதுங்க."

ஒரு மணித்தியாலமும் முடிந்தது. கம்ப்யூட்டர் அணையவில்லை. காக்கா வியர்த்து ஊற்றிப்போய், பெட்டியின் மூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கடல்மணல் உள்ளே போகாமல் இருக்க, காற்றுத் துளைகளுக்குப் பின்னால், இடுப்பில் கட்டும் சாறனில் ஒரு துண்டை வெட்டி ஒட்டுவது அவர் வழக்கம். அந்தத் துண்டில் வாயை வைத்து ஊதினார். கன்னம்தான் உப்பியது. ஒரு சொட்டுக் காற்று அந்தப் பக்கம் போகவில்லை.

"தறிக்காரன்ல குத்தமில்ல," என்றார், கொஞ்சம் பெருமையோடு. "நம்மட ஊர் நெசவு. அவ்வளவு நெருக்கம்."

"எல்லாருக்கும் இதத்தானே ஒட்டுவீங்க காக்கா?"

"அவங்களுக்கு ஒட்டினது உடுத்துத் தேஞ்ச சாறன். அதுல காத்து வரும். இது புதிசு. பெருநாளைக்கெண்டு எடுத்தது."

"அத ஏன் வெட்டினீங்க?"

காக்கா என்னைப் பார்க்காமல் ஆணிகளைப் பொறுக்கினார். "இது பழுதாப் போனா நீங்க திரும்ப கட்டாருக்குப் போகணும் எண்டீங்க. புள்ள தனிச்சிப் போயிரும். அதுக்குப் போய்ப் பழந்துணிய ஒட்ட ஏலுமா?"

அந்தத் துண்டை அங்கேயே பிய்த்தெடுத்தோம். அதற்குப் பிறகு பெட்டிக்குக் காய்ச்சல் வரவில்லை. திங்கட்கிழமை ரிஸ்னாவுக்கு வேலை கிடைத்த செய்தி வந்தது. கட்டாருக்கு, நான் வரவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டு, அன்று பகல் முழுக்கத் தூங்கினேன். அப்படியொரு தூக்கம், கட்டாருக்குப் போன எட்டு வருடமாக வந்ததில்லை. பெருநாளைக்கு முந்திய நாள் நல்ல சாறன் ஒன்று வாங்கிக் காக்காவிடம் கொண்டுபோனேன். அவர் அதை வாயில் வைத்து ஊதிப் பார்த்தார்.

"இது பெட்டிக்கு ஆகாது. நான்தான் உடுக்கணும்."

இதையும் அந்தப் படுத்த பெட்டியில்தான் தட்டச்சு செய்கிறேன். பக்கத்தில் மகள் என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறாள். பசை காய்ந்த அந்தப் பெருநாள் சாறன் துண்டு மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. ரிஸ்னா எத்தனையோ தரம் எறியச் சொல்லிவிட்டாள், என்னால் முடியவில்லை.