பாதி முகம், முழுப் பசி

அன்று மாலை ஐந்தரை மணிக்கு வீட்டில் இருந்தவர்கள்: முன்னறையில் என் மனைவி, அவள் தம்பி, சமையலறையில் நான், ஒரு முக்காலி, பரண்மேல் ஒரு பிஸ்கட் டப்பா. டப்பாவை ஆள் கணக்கில் சேர்ப்பது சரியில்லைதான். ஆனால் நான்கு மாதமாக அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே ஆறுதல் அது.

நான் ஹார்டுவேர் கடையில் சரக்கு இருப்புப் பார்ப்பவன். ஆணி, திருகு, கொண்டி, கீல் எல்லாம் என் கையால் எண்ணப்பட்டே வெளியே போகும். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எண்ணுவது நிற்கவில்லை. நாலு பேர் கூடினால் எனக்குப் பேச்சு வராது. அவர்கள் சட்டைப் பித்தானை எண்ணிக்கொண்டு நிற்பேன்.

நான்கு மாதத்துக்கு முன் என் ரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று பரிசோதனையில் தெரிந்தது.

"மாமாவுக்கு உடம்புல இவ்வளவு கொழுப்பா?" என்றான் மச்சினன்.

"வாயில இருக்கிறதை லேப்காரங்க இன்னும் அளக்கலடா," என்றாள் மனைவி.

அன்று முதல் எனக்கு அளவுச் சாப்பாடு. காலையில் ரொட்டி இரண்டு துண்டு. மதியம் ஒரு கரண்டி சோறு. இரவு வெள்ளரிக்காய். வெள்ளரிக்காயை உணவு என்று கண்டுபிடித்தவன் நிச்சயம் அதை இன்னொருவனுக்காகத்தான் கண்டுபிடித்திருப்பான்.

முக்காலிமேல் ஏறினேன். விரல் நுனி டப்பாவைத் தொட்டது. முக்காலிக்கு மூன்று கால். அதில் ஒன்று என் மனைவியின் கட்சி. சமையல் மேடையின் விளிம்பு என் இடது காதுக்குப் பின்னால் இடித்தது.

இருவரும் ஓடி வந்தார்கள்.

"என்னங்க ஆச்சு?"

"பல்பு மாத்த ஏறினேன்."

"பரண்ல ஏதுங்க பல்பு?"

"இல்ல. அதான் விழுந்துட்டேன்."

இரண்டு நாள் கழித்துக் காலையில் வாய் கொப்பளித்தேன். தண்ணீர் என்னைக் கேட்காமல் இடது ஓரமாக வழிந்தது. கண்ணாடியைப் பார்த்தேன். வலது பாதி நான். இடது பாதி, எனக்கும் இந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லை என்று தொங்கிக்கொண்டிருந்தது. இடது கண் மூட மாட்டேன் என்றது.

என் மனைவி செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் என்னை ஆட்டோவில் ஏற்றினாள்.

டாக்டரம்மா படமெடுத்துப் பார்த்தார். "நரம்பு அறுந்துபோகல. அடிபட்டதுல வீங்கியிருக்கு. வீக்கம் வத்துறதுக்கு ஸ்டீராய்டு மாத்திரை தரேன். கண்ணு காஞ்சுபோகாம இருக்க மருந்து போடுங்க. மாத்திரை தினம் காலைல சாப்பாட்டுக்கு அப்புறம். பசி கொஞ்சம் கூடும்."

பசி கொஞ்சம் கூடும். மூன்றே சொல். இவ்வளவு அழகாக ஒரு டாக்டர் பேசி நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகும் அவர் ஏதோ பேசினார். நான் உருளைக்கிழங்கு வறுவலை நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி மட்டும் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள்.

வீட்டில் மச்சினன் உடனே கைப்பேசியைத் திறந்தான். அவன் இன்சூரன்ஸ் ஏஜென்ட். யாருக்காவது உடம்புக்கு வந்தால் அவனுக்கு உற்சாகம் வந்துவிடும்.

"மாமா, ஸ்டீராய்டு பயில்வானுங்க சாப்பிடுறதாச்சே! இனிமே உங்களை யாரும் கேள்வி கேட்க முடியாது."

"உங்க அக்காவை விட்டுட்டியே."

"அவங்களும் வேணும்னா ரெண்டு போட்டுக்கட்டும்."

கண்ணில் மருந்து போட்டதால் எனக்குப் பாதி உலகம் கஞ்சித் தண்ணீரில் மிதந்தது. அதனால் மாத்திரையை மனைவியே எடுத்துத் தருவாள். நான் வாயைத் திறப்பேன். மாத்திரை உள்ளே போகும். அடுத்த நிமிடம், "ஏம்மா, பசிக்குது. இது நான் இல்ல, மருந்து," என்பேன்.

"மருந்துன்னா என்ன செய்யறது," என்று சொல்லிக்கொண்டே பரிமாறுவாள்.

சோறு ஒரு கரண்டி நான்கானது. இல்லாத முட்டை மூன்றானது. உருளைக்கிழங்கு என் தட்டுக்கு வந்து குடியேறியது. பரண்மேல் இருந்த டப்பா தானாகவே கீழே இறங்கி மேசைமேல் உட்கார்ந்தது. சாப்பாட்டில் பாதி இடது ஓரமாக ஒழுகியது. அதையும் கணக்கில் கழித்து, மறுபடி வாங்கிச் சாப்பிட்டேன். பார்க்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். தட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள்.

இப்படி இரண்டு வாரம். அதன் பிறகு ஒரு காலை, சவரம் செய்யும்போது இடது வாயோரம் மெல்ல மேலே ஏறியது. கண்ணை மூடிப் பார்த்தேன். மூடியது. புருவத்தைத் தூக்கினேன். தூங்கி எழுந்தவன் மாதிரி அதுவும் எழுந்தது.

வேறொருவனாக இருந்தால் சந்தோஷத்தில் குதித்திருப்பான். நான் மேசைமேல் இருந்த டப்பாவை எட்டிப் பார்த்தேன். முகம் தேறிவிட்டால் மாத்திரை நிற்கும். மாத்திரை நின்றால் பசி நிற்கும். அதாவது பசிக்கும் உரிமை நிற்கும். மேசையில் டப்பா இருக்கும் இடத்தில் வெள்ளரிக்காய் வந்து உட்காரும்.

கன்னத்தில் சோப்பு நுரையோடு சபதம் எடுத்தேன். இந்த முகம் தேறக் கூடாது.

சபதம் எடுப்பது சுலபம். பாதி முகத்தைப் பிடித்து வைப்பது, ஓடுகிற பேருந்தில் ஒற்றைக் காலில் நிற்பது போன்றது. தும்மினால் ஆபத்து. கொட்டாவி விட்டால் ஆபத்து. பெரிய ஆபத்து என் மச்சினன். ஒருநாள் சாப்பிடும்போது, ஒரு பாலிசிக்காரர் தன் மாமியார் பெயரில் பாலிசி எடுத்துவிட்டு, தினமும் போய் அவர் நலம் விசாரித்த கதையைச் சொன்னான். சிரிப்பு பீறிட்டது. பதறிப்போய்ப் பாதி முகத்தை இறுக்கினேன்.

"மாமா, காலைல இடது பக்கம்தானே கோணியிருந்துச்சு? இப்ப வலது பக்கம் கோணுதே!"

"நரம்புடா. அதுக்குப் பக்கமெல்லாம் தெரியுமா?"

"ரெண்டு பக்கத்துக்கும் வேற வேற நரம்புன்னு போன்ல போட்டிருக்கே."

"ஸ்டீராய்டு சாப்பிட்டா பயில்வான்னும் அதுலதான் போட்டிருந்துச்சு. நான் பயில்வானா?"

என் மனைவி என்னையே பார்த்தாள். பிறகு, "பாவம்டா, விடு. மாமாவுக்கு இன்னொரு முட்டை வை," என்றாள்.

முப்பத்தைந்து வருடத்தில் அவள் என்னைப் பாவம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். முட்டை சூடாக இருந்தது.

மூன்றாம் வாரம் டாக்டரம்மாவிடம் திரும்பப் போனோம். "புருவத்தைத் தூக்குங்க," என்றார். ஒன்றைத் தூக்கினேன். "சிரிங்க." பாதி சிரித்தேன். "கன்னத்தை உப்புங்க." இடது ஓரமாகக் காற்றை விட்டேன். கொஞ்சம் எச்சிலையும் சேர்த்து விட்டேன். நடிப்பு என்று வந்தபின் கஞ்சத்தனம் எதற்கு?

டாக்டரம்மாவின் முகம் வாடியது. "இந்நேரம் தேறியிருக்கணுமே."

"தேறலியே டாக்டர்," என்று குழறினேன். "மாத்திரையை இன்னும் ஒரு மாசம் தொடரலாமா?"

என் மனைவி கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டாள். "டாக்டர், இவர் மதியம் தூங்கறப்போ ரெண்டு கண்ணும் நல்லா மூடுது. முன்ன மாதிரி வாயோரம் ஒழுகறதில்ல. ரொட்டியில ஜாம் தடவிக் குடுத்தா, உதட்டோட ரெண்டு ஓரத்தையும் சுத்தமா நக்கிக்கிறாரு. முழிச்சிட்டு, நான் பார்க்கறது தெரிஞ்சாதான் கோணுது."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"டாக்டர்," என்றேன். வெட்கத்தில் என் முகம் இரண்டு பக்கமும் சமமாகச் சிவந்திருக்க வேண்டும். "தேறினது நிஜம்தான். ஆனா அந்த மாத்திரையைச் சட்டுன்னு நிறுத்திடாதீங்க. அது நின்னா என் சாப்பாடும் நின்னுடும், பசி தாங்க முடியாது."

"எந்த மாத்திரையை?" என்றார் டாக்டரம்மா. "படிப்படியா குறைச்சுப் பத்து நாள்ல நிறுத்தணும்னு முதல் நாளே சொன்னேனே. அது நின்னு பதினொரு நாள் ஆச்சு. இப்ப நீங்க சாப்பிடறது நான் கூடவே எழுதிக் குடுத்த வெறும் சத்து மாத்திரை."

நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஏம்மா, அப்புறம் எதுக்கு மூணு முட்டை போட்டே?"

"மருந்தோட பசி எவ்வளவு, உங்க பசி எவ்வளவுன்னு பிரிச்சுப் பார்க்க வேணாமா? பார்த்தேன். மருந்து பாவம், அது மேல ஒரு தப்பும் இல்ல."

டாக்டரம்மா நாகரிகமானவர். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டுதான் சிரித்தார். "இனிமே மருந்து வேண்டாம். முகத்துக்குப் பயிற்சி போதும். கண்ணாடி முன்னால நின்னு, ஒவ்வொரு தடவையும் நிதானமா முப்பது தரம் சிரிக்கணும். காலை, மதியம், ராத்திரி."

"சாப்பாட்டு நேரத்துல செய்யலாமா டாக்டர்?" என்றாள் என் மனைவி.

"தாராளமா."

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாட்டினாள். அதில் என் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால், என் நாற்காலியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவலைத் தட்டில் குவித்துக்கொண்டிருந்த மச்சினனும் தெரிந்தான்.

"ம், ஆரம்பிங்க," என்றாள். "ரெண்டு ஓரமும் ஏறணும்."

சிரித்தேன். ஒன்று முடிந்தது. மிச்சம் இருபத்தொன்பது.