கொடி பாதியில் நின்றது தற்செயல், ஓட்டு அப்படியல்ல

ஸ்கார்வ்நெஸ்,
மே 18, வியாழன் காலை.

கர்த்தருக்குள் மதிப்பிற்குரிய அண்ணன் ஹல்வார் அவர்களுக்கு, தங்கை ராக்னா வணங்கி எழுதுவது.

நீங்களும் அண்ணியும் நல்ல சுகத்தோடு இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் ஆரம்பத்திலேயே பொய் எழுத வேண்டாம் என்பதால், உடம்புக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் எழுதுகிறேன். ஒன்பது நாளில் ஐந்து தடவை உங்களுக்குப் போன் செய்தேன். முதல் தடவை சண்டை போட்டீர்கள், சரி. அடுத்த நாலு தடவையும் “ராங் நம்பர்” என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். ஒரே வீட்டில் பத்தொன்பது வருஷம் வளர்ந்தவள், உங்கள் குரல் எனக்குத் தெரியாதா அண்ணா? அதனால்தான் இந்தக் கடிதம். பகல் படகில் மாலுமியிடம் கொடுத்தனுப்புகிறேன். அவரிடமும் ராங் நம்பர் என்று சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள்.

சனிக்கிழமை உங்கள் தலைமையில் கட்சியின் தேர்வுக் குழு கூடுகிறது. அடுத்த நாடாளுமன்றத் தேர்தலுக்கு நம் மாவட்டப் பட்டியலில் முதல் இடம் யாருக்கு என்று முடிவு செய்யப் போகிறீர்கள். பன்னிரண்டு வருஷமாக அந்த இடம் என் வீட்டுக்காரர், உங்கள் மாப்பிள்ளை ஆஸ்கெய்ருக்குத்தான். இந்த முறை அவர் பெயரையே அடித்துவிடப் போகிறீர்கள் என்று கேள்வி. பேனாவை எடுக்கும் முன் இரண்டே இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். கொடி பாதியில் நின்றது தற்செயல். ஓட்டு அப்படியல்ல.

முதலில் ஓட்டு. ராஜா வேண்டாம், குடியரசு போதும் என்று ஒரு தீர்மானம் ஒவ்வொரு நாடாளுமன்றத்திலும் வரும், தோற்கும், அடுத்ததில் மறுபடி வரும்; நம் கரையில் மழை வருகிற மாதிரி, யாரும் தலையைக்கூடத் தூக்கிப் பார்ப்பதில்லை. கட்சியும் இந்த ஒரு விஷயத்தில் அவரவர் மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்று சொல்லிவிடுகிறது, சொல்லிவிட்டு எல்லார் மனசாட்சியும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறது. போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் உங்கள் மாப்பிள்ளை ராஜா பக்கம்தான் ஓட்டுப் போட்டார். ஆனால் வீட்டில் அவர் பேசுகிற பேச்சு வேறு என்பதை உங்களிடம் இதுவரை நான் சொன்னதில்லை. ஒவ்வொரு வருஷக் கடைசி நாளும் ராஜா டிவியில் வந்து நாட்டு மக்களுக்கு வாழ்த்துச் சொல்வார், நான் கையைக் கோத்துக்கொண்டு கேட்பேன், இவர் ஆட்டுக்கறி எலும்பைக் கடித்துக்கொண்டே, “நல்ல மனுஷன்தான். எங்களை விட நல்லாவே பேசுறார். ஆனா இவரை யார் தேர்ந்தெடுத்தா?” என்பார். “உங்களைத் தேர்ந்தெடுத்தாங்களே, அதுல என்ன வாழ்ந்துச்சு? மூணு வருஷமா குளியலறைக் குழாய் ஒழுகுது” என்பேன் நான். என் பதில் பிறகு வந்தது, இவர் கேள்விக்கு மட்டும் முப்பது வயது. இதே மனுஷன் வருஷா வருஷம் அரண்மனை விருந்துக்கும் போவார், கலைமான் கறி சாப்பிடுவார், சாப்பாட்டுப் பட்டியல் அட்டையை எனக்காகக் கோட்டுப் பையில் கொண்டுவருவார். அவை என் வேதப் புத்தகத்துக்குள் இருக்கின்றன. ராஜாவை ஆண்டவர் வைத்தார் என்று நம்புகிறவள் நான். ஆனாலும் வீட்டில் ஒன்று பேசி வெளியே ஒன்று செய்கிறாரே என்று பன்னிரண்டு வருஷமாக எனக்குள் ஒரு முள்.

போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய், சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே நாடாளுமன்ற நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தீர்மானம் வழக்கம்போலத் தோற்றது. ஆனால் ஆதரித்தவர்கள் எண்ணிக்கை, எல்லாரும் நினைத்ததை விட ஒன்று கூடுதல். அந்த ஒருவர் யார் என்று அவை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்த்தால் உங்கள் மாப்பிள்ளை, கழுத்துப்பட்டையை இழுத்துக்கொண்டு, வெந்த நண்டு மாதிரி சிவந்து உட்கார்ந்திருக்கிறார். அங்கே ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரியும்: பொத்தானை மாற்றி அழுத்திவிட்டால் கூட்டம் முடிவதற்குள் எழுந்து நின்று சொல்லலாம், யாரும் சிரிக்கக்கூட மாட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் எனக்குப் போன். “ராக்னா, நடைபாதையிலேர்ந்து பேசுறேன். கட்சித் தலைவர் பக்கத்துலயே நிக்கிறார். பொத்தான் மாறிடுச்சுன்னு எழுந்து சொல்லச் சொல்றார்…” எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ அண்ணா, கையிலிருந்த கிழங்கு உருண்டு அடுப்புக்கு அடியில் போயிற்று. “முப்பது வருஷமா சாப்பாட்டு மேசையில பேசினதை இன்னிக்குத்தான் ஆம்பிளையா அழுத்தியிருக்கீங்க. அதைத் தப்புன்னு பொய் சொல்வீங்களா? சொன்னா இந்த வீட்டுப் படி ஏறாதீங்க!” “இல்ல ராக்னா, நான் என்ன சொல்ல வந்தேன்னா…” “நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். போய் உட்காருங்க.” வைத்துவிட்டேன். அவர் எழுந்து ஒன்றும் சொல்லவில்லை. வெளியே பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்து, “தவறா அழுத்திட்டீங்களா?” என்று கேட்டதற்கு, “முப்பது வருடமாக இதுதான் என் எண்ணம்” என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். நான் டிவி முன்னாலேயே முழங்காலிட்டு ஜெபித்தேன், ராஜாவுக்காக ஒரு தடவை, இவருக்காக ஒரு தடவை.

அன்று சாயங்காலம்தான் நீங்கள் சண்டை போட்டது. “மனசுல என்ன வேணா நினைச்சுக்கட்டும், யார் வேணாங்கிறா? எனக்கும் மனசுல ஆயிரம் இருக்கு. ஓட்டு வாங்கினவன் அதையெல்லாம் வெளியில சொல்லக் கூடாது” என்றீர்கள். “ஜனங்க ஓட்டுப் போட்டது அவர் மனசுக்கா அண்ணா, இல்ல மூடின வாய்க்கா?” என்றேன். “ராஜா வீட்டுக் கலைமானைத் தின்னுட்டு இது தேவையா?” என்றீர்கள். அது நியாயமான கேள்வி. நான் அதை ஒப்புக்கொள்வதற்குள் வைத்துவிட்டீர்கள்.

மறுநாளிலிருந்து வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தார்கள். நான் எதையும் எழுதி வைத்துக்கொள்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு கிழித்து இரண்டு பத்தி போட்டேன்: திட்டினவர், பாராட்டினவர். திட்டினவர் பதினாலு, பாராட்டினவர் ஐந்து. இவர்கள் தவிர இன்னும் ஏழு பேர் வாசலில் ஊர் கேட்கத் திட்டிவிட்டு, கொல்லைப்புறமாக வந்து, “அவர் சொன்னது சரிதான், நாங்க சொன்னோம்னு சொல்லிடாதீங்க” என்று காதில் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களை எந்தப் பத்தியில் எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. அதில் உங்கள் தேர்வுக் குழுவைச் சேர்ந்தவர்களும் இரண்டு பேர் உண்டு. பெயர் எழுத மாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சிக்ருன் வந்தாள், மே பதினேழு விழாக் குழுத் தலைவி. நாட்டு நாள் சொற்பொழிவு வருஷா வருஷம் ஆஸ்கெய்ர்தான். பாதாம் கேக் டப்பாவை மேசையில் வைத்து, மூடியைத் திறக்காமலே பேசினாள். “ராக்னா அக்கா, நாங்க அவரை ஓஸ்லோவுக்கு அனுப்பினது கடலுக்கு அடியில அக்கரைக்குச் சுரங்கப்பாதை கேக்க. ராஜாவை வேணாம்னு சொல்லவா அனுப்பினோம்?” “சுரங்கப்பாதையும் கேட்டாரே.” “வந்துச்சா?” “வரல.” “ராஜா போனாரா?” “போகல.” “அப்ப ஒண்ணும் நடக்கலையே, எதுக்கு அக்கா வாயைத் திறக்கணும்?” கடைசியில், சொற்பொழிவு வேண்டாம், குழந்தைகளின் சாக்கு ஓட்டத்துக்கு அவர் விசில் ஊதினால் போதும் என்று முடிவானது. விசிலும் சுருக்கமாக ஊத வேண்டுமாம். அவள் போன பிறகுதான் பார்த்தேன், கேக் டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

இனி கொடி. அண்ணா, இதை நீங்கள் உங்கள் கரையிலிருந்து தூரநோக்கியில் பார்த்தீர்கள் என்று அண்ணி யாரிடமோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன், அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நேற்றுக் காலை எட்டு மணிக்கு, ஊரெல்லாம் கொடி ஏற்றுகிற அதே நேரத்துக்கு, நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு உங்கள் மாப்பிள்ளையும் ஏற்றினார். பாதிக் கம்பம் வரை போயிற்று, அங்கே நின்றுவிட்டது. கப்பி துருப்பிடித்து, குளிர்காலம் முழுக்க நனைந்த கயிறு ஊதி, மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. இவர் இழுக்கிறார், நான் இழுக்கிறேன், இரண்டு பேரும் தொங்காத குறை. பாதிக் கம்பத்தில் கொடி என்றால் சாவு என்று குழந்தைக்கும் தெரியும். அதுவும் நாடாளுமன்ற உறுப்பினர் வீட்டில்! ஓஸ்லோ செய்தி முதலில் இந்த வீட்டுக்குத்தானே வரும்? பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார், ஒரு வார்த்தை கேட்காமல் தொப்பியைக் கழற்றினார், தன் கொடியையும் பாதிக்கு இறக்கினார். அவரைப் பார்த்து எதிர் வீடு. அவர்களைப் பார்த்து முதியோர் இல்லம். எட்டரை மணிக்கு ஸ்கார்வ்நெஸ்ஸில் பதினோரு கொடி பாதியில். ஊர்வலத்துக்கு வந்த வாத்தியக் குழு சந்து முனையில் நின்று, சோக வாத்தியம் வாசிப்பதா வேண்டாமா என்று கூடிப் பேசுகிறது. சிக்ருன் கண்ணீரோடு ஓடி வருகிறாள்: “ராஜா போயிட்டாரா? எப்போ? ரேடியோல ஒண்ணும் சொல்லலையே!” இவர் ஏணி மேல் நின்றுகொண்டு, “யாரும் சாகல! கயிறு சிக்கியிருக்கு!” என்று கத்துகிறார். கீழே நின்ற ஒருத்தர், “ஓட்டுல முடியலேன்னு கொடியில முடிச்சுட்டார்” என்று சொல்ல, சிரிப்பதா அடிப்பதா என்று கூட்டத்துக்கே தெரியவில்லை. அப்போது ஏணி சரிந்து, இவர் வேலி தாண்டி சிக்ருன் வீட்டு ரோஜாப் பாத்தியில் விழுந்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை. கோட்டுக்கு உண்டு.

அதே கோட்டோடு ஊர்வலத்தில் நடந்தார். பள்ளி முற்றத்தில் ராஜாவை வாழ்த்துகிற பாட்டை வாசித்தார்கள். ஊரே எழுந்து நின்றது, ஆனால் ஒருத்தர்கூடக் கொடியைப் பார்க்கவில்லை. முந்நூறு பேரும் ஆஸ்கெய்ரின் வாயைப் பார்த்தார்கள். பாடுவாரா, மாட்டாரா? பாடினார் அண்ணா. ஜெப வீட்டுப் பாடகர் குழுவில் பாடுகிற அதே கனத்த குரலில், எல்லாச் சரணமும், புத்தகம் பார்க்காமல். ஊரில் முழுப்பாட்டும் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டாம் சரணத்திலிருந்து மற்றவர்கள் வாயை மட்டும் அசைத்தார்கள். முடிந்ததும் சிக்ருனே கேட்டாள், “அப்புறம் எதுக்கய்யா அந்த ஓட்டு?” “பாட்டு நல்ல பாட்டு சிக்ருன். மனுஷனும் நல்ல மனுஷன். வேலைக்கு ஆள் எடுக்கிற முறைதான் சரியில்லைங்கிறேன்” என்றார்.

அதனால்தான் கேட்கிறேன் அண்ணா. நான் ராஜா பக்கம், சாகும் வரை அந்தப் பக்கம்தான். ஆனாலும் உங்கள் மாப்பிள்ளையைப் பட்டியலில் முதல் இடத்திலேயே வையுங்கள். மனதில் உள்ளதை மறைத்து ஓட்டு வாங்குகிறவர்கள் எத்தனையோ பேர். தெரிந்தே, துணிந்தே, தன் பதவியைப் பணயம் வைத்து அந்தப் பொத்தானை அழுத்தினவர் இவர் ஒருவர். பிடிக்காவிட்டால் ஜனங்கள் தோற்கடிக்கட்டும், அது அவர்கள் உரிமை. ஜனங்களுக்கு முன்னால் நீங்கள் அவர் பெயரை அடிக்காதீர்கள். அந்தத் துணிச்சலுக்காக வையுங்கள். இது ஒன்றுதான் என் விண்ணப்பம். எட்டு நாளாக இதை ஜெபத்தில் வைத்து, எழுதி, கிழித்து, மறுபடி எழுதுகிறேன்.

அண்ணியின் முழங்கால் வலி தீரவும், உங்கள் வலைகள் நிறையவும், உங்கள் கோபம் சனிக்கிழமைக்குள் தணியவும் ஆண்டவர் கிருபை செய்வாராக. வீட்டில் எல்லாருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு, உங்கள் கீழ்ப்படிதலுள்ள (இந்த ஒரு விஷயம் தவிர) தங்கை,
ராக்னா.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும் முன் உங்கள் மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன். “தெரிந்தே, துணிந்தே” என்ற இடம் வந்ததும் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். “ராக்னா, அதை மட்டும் எடுத்துடு.” “ஏங்க?” “அன்னிக்குப் போன்ல சொல்ல வந்தேன், நீ விடல. நான் நிஜமாவே தப்பாத்தான் அழுத்தினேன். மூக்குக் கண்ணாடியை அறையில வெச்சுட்டு வந்துட்டேன். வழக்கம்போல ராஜா பக்கம் போடத்தான் கையை நீட்டினேன். உங்க அண்ணனை நினைச்சு பயந்துதான் நீட்டினேன்.” அப்படியானால் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னது பொய்யா என்று கத்தினேன். “அவங்க தப்பா அழுத்தினீங்களான்னு கேட்டாங்க. நான் முப்பது வருஷமா இதுதான் என் எண்ணம்னு சொன்னேன். அது நிஜம்தானே?” என்கிறார். ஆக, பொய்யாக ஓட்டுப் போடத்தான் போனார், விரல் உண்மையைப் போட்டுவிட்டது, அது தவறு என்கிற உண்மையைச் சொல்ல வந்தவரை நான் பொய் சொல்லாதே என்று மிரட்டி வாயை அடைத்திருக்கிறேன். ராஜாவை ஆண்டவர் வைத்தார் என்று நம்புகிற நான், அந்த விரலை மட்டும் ஆண்டவர் தள்ளவில்லை என்று எப்படிச் சொல்வேன்? இதை எழுத வேண்டாம் என்று அவர் கையெடுத்துக் கும்பிடுகிறார், எழுதுகிறேன். படகு வந்துவிட்டது, மறுபடி எழுத நேரமில்லை. மேலே கேட்ட விண்ணப்பம் அப்படியே நிற்கட்டும் அண்ணா. காரணத்தை மட்டும் நீங்களே அடித்துக்கொள்ளுங்கள்.